பூட்டத் தக்கனவும் திறக்கத் தக்கனவும்

ஒரு குடும்பத்தார்க்கு உரிய பொருள்கள் யாவும் ஒரே இடத்தில் வைக்கப்படுவன அல்ல. குடிநீர்க் குடம் திண்ணையருகே இருக்கும். வழிப்போக்கனும் மொண்டு குடித்துச் செல்வான். நிலப் பத்திரமும் நகையும் உள்ளறைப் பெட்டியிற் பூட்டப்பெற்றிருக்கும். அதன் சாவி வீட்டுக்குரியாளின் இடுப்பில் இருக்கும். குடத்தைப் பூட்டிவைத்துப் பத்திரத்தைத் திண்ணையில் வைக்கும் இல்லத்தாரைக் கண்டால் ஊரார் சிரியாமல் இரார். ஆயின், இக்காலத்துக் கல்விச்சாலைகளிற் கணினியின் வழியாகப் பொதுவில் வைத்தாளப்படும் செல்வத்தைப் பொறுத்தமட்டில், நம்மிற் பலர் அவ்வில்லத்தாரைப் போன்றே நடந்து வருகின்றோம். இதுபற்றி நம் கருத்தைக் கலாசாலை அன்பர்கள்முன் வைத்தல் தகுமென எண்ணி இதனை எழுதலானோம்.

கல்லூரிகள் பலவற்றில் அலுவலகம், நூல்நிலையம், துறைகள் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சேமிப்புப் பெட்டி உண்டு. 'நாஸ்' என்று அதனைச் சுருங்க வழங்குவர். இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்குகளைத் தன்னகத்தே கொண்டு, ஓர் அறையின் மூலையில் இரவும் பகலும் ஓயாது இயங்கும் சிறு பெட்டகம் அது. கல்லூரி வலையோடு இணைந்த எந்தக் கணினியிலிருந்தும் அதன் கோப்புறைகளைத் திறக்கலாம். அக்கோப்புறைகளுள் இரு வகையின ஈண்டு நம் ஆராய்ச்சிக்கு உரியன. ஒன்று, மறையாக்கம் செய்யப்பெற்ற கோப்புறை. மற்றொன்று, பழைய சிடி முதலிய வட்டுக்களின் படிமத்தைத் திறந்து வைத்திருக்கும் கோப்புறை. முன்னது பூட்டிய அறை. பின்னது கண்ணாடிப் பேழை. இவ்விரண்டின் இயல்பையும் அறியாது ஆளுதலினாலேயே இடர்கள் விளைகின்றன.

மறையாக்கத்தின் இயல்பை முதற்கண் கூறுவோம். இத்தகைய கோப்புறையொன்றை அமைக்கும்போது பெட்டி நம்மிடம் ஒரு சாவிச்சொல்லைக் கேட்கும். அச்சொல்லின் துணைகொண்டு, உள்ளே இடப்படும் ஒவ்வொரு கோப்பையும் பிறர் எவருக்கும் பொருள்படாத குறித்திரளாக மாற்றியே டிஸ்கில் எழுதும். பூட்டின் அமைப்பு பகைவர் கையிற் சிக்கினும் கேடில்லை, சாவி ஒன்றே மறைவாயிருத்தல் வேண்டும் என்னும் கொள்கையைக் கெர்க்காப்ஸ் என்பார் 1883-ஆம் ஆண்டிலேயே வகுத்துரைத்தார். இக்காலத்துப் பெட்டிகளில் வழங்கும் ஏஇஎஸ் என்னும் முறை அக்கொள்கையின் வழிப்பட்டதே. பெல்ஜியம் நாட்டினராகிய தேமன், ரைமன் என்னும் இருவர் வகுத்த அம்முறையை அமெரிக்க அரசாங்கம் 2001-ல் தன் நியமமாக ஏற்றது. அதன் நுட்பம் உலகறிய அச்சிடப்பெற்றுள்ளது. எனினும் 256 பிட் சாவியைத் தேடுவான் ஒருவன் ஆராய வேண்டிய சாவிகளின் தொகை 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் ஆகலின், ஒவ்வொன்றாக முயன்று திறத்தல் ஆவதொன்றன்று. சாவிச்சொல்லை எளிதாக வைத்துவிட்டாலோ, இத்துணை வலிமையும் வீணே. கல்லூரியின் பெயரையும் நடப்பாண்டையும் சேர்த்துச் சாவியாக்குவோர், இரும்புக் கதவுக்குக் கயிற்றுத் தாழ் இட்டோரே ஆவர்.

இப்பூட்டு எதனைக் காக்கும், எதனைக் காவாது என்பதை அறிதலே தலையாயது. பெட்டியையோ, அதன் டிஸ்கையோ கள்வன் எடுத்துச் சென்றால், சாவியும் உடன் செல்லாதவரையில், பூட்டிய கோப்புறை அவனுக்குப் பயன்படாது. பழுதுபார்க்க வெளியே அனுப்பிய டிஸ்கு வேற்றார் கைப்படினும் அவ்வாறே. ஆனால் சாவி இட்டுத் திறந்தபின், அக்கோப்புறை ஏனைய கோப்புறைகளைப் போன்றதே. உட்செல்ல அனுமதி பெற்ற ஒவ்வொருவருக்கும் எல்லாம் தெளிவாகவே தோன்றும். ஆகவே, இன்னார் படிக்கலாம், இன்னார் எழுதலாம், இன்னார் நுழையவே கூடாது என்னும் வரையறையைத் தனியே செய்தல் வேண்டும். மறையாக்கம் செய்தோம், இனி ஓர் அச்சமும் இல்லை என்பார், இரவில் பூட்டிய கடையைப் பகலில் ஆளின்றித் திறந்துபோட்டுச் செல்வாரை ஒப்பர்.

நாம் நேரில் அறிந்த இரண்டு நிகழ்ச்சிகளை இனிக் கூறுவோம். அவை நிகழ்ந்த கல்விச்சாலைகளின் பெயர் ஈண்டு வேண்டுவதன்று. அவை எங்கும் நிகழத் தக்கனவே.

ஓரிடத்தில், சம்பளச் சலுகை வேண்டி மாணவர் எழுதிக்கொடுத்த விண்ணப்பங்கள் யாவும் படியெடுக்கப்பெற்று, எவரும் திறக்கத் தக்க பொதுக் கோப்புறையில் இடப்பட்டிருந்தன. தந்தையின் நோயையும் குடும்பத்தின் கடனையும் தன் கைப்பட எழுதியிருந்தான் ஒரு மாணவன். ஆய்வுக்கூடத்துக் கணினியில் வேறெதையோ தேடப்புகுந்த அவன் தோழர் சிலர் அதனைக் கண்டனர். அன்றிரவே விடுதியில் அது விளையாட்டுப் பேச்சாயிற்று. அவன் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. மறு ஆண்டு, வறுமை முன்னிலும் மிக்கிருந்தும், அவன் விண்ணப்பமே எழுதவில்லை. உதவி பெறுதற்கென அவன் நம்பி உரைத்த உண்மை, உதவி கேட்கும் வாயையே அடைத்துவிட்டது. இதற்கு அத்தோழர்களை மட்டும் பழித்தல் முறையாகாது. பத்திரத்தைத் திண்ணையில் வைத்தார் வேறு சிலர் அன்றோ?

மற்றோரிடத்தில், தமிழாசிரியர் ஒருவர் தம் மாணாக்கரோடு நான்கு ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று, முதிய பெண்டிரிடம் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். அவற்றைப் பொதுப் பெட்டியில் வைக்கும்போது, பூட்டுடைய கோப்புறையே சிறந்த காவலென எண்ணி, மறையாக்கம் செய்து வைத்தார். சாவிச்சொல்லை அவர் ஒருவரே அறிவார். பெட்டி நெடுநாள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தமையால் கோப்புறையும் திறந்தே இருந்தது. அது பூட்டுடையது என்பதையே மாணவர் அறிந்திலர். ஒரு கோடை விடுமுறையில் அவ்வாசிரியர் காலமானார். அடுத்த மாதம் நெடுநேரம் மின்சாரம் நின்று, யுபிஎஸ் பாட்டரியும் ஓய்ந்து, பெட்டி அணைந்தது. மீண்டும் இயக்கியபோது எல்லாக் கோப்புறைகளும் வந்தன. அஃதொன்று மட்டும் சாவி கேட்டு நின்றது. அவர் வீட்டார் நாட்குறிப்புக்களையெல்லாம் புரட்டிப் பார்த்தனர். பயனில்லை. பெட்டி செய்த கம்பெனியாரும் தங்களாலும் இயலாதென எழுதிவிட்டனர். அவர்கள் உரைத்தது மெய்யே. செய்தவனாலும் திறக்கலாகாமையே நல்ல பூட்டின் இலக்கணம். பாட்டுக்கள் ஓரெழுத்தும் சிதையாமல் இன்றும் அந்த டிஸ்கில் உள்ளன. கேட்பார் இல்லை. பாடியவர்களுள் மூவர் இறந்துபோயினர்.

முதல் நிகழ்ச்சியிற் பூட்டத் தக்கது திறந்து கிடந்தது. இரண்டாவதில் திறக்கத் தக்கது பூட்டுண்டது. கருவியில் இரண்டிடத்தும் குறையில்லை. எதனை மறைப்பது, எதனை வழங்குவது என்று முன்னரே சிந்தியாமையே குறை. பூட்டுவதற்குமுன் அப்பொருள் யாருடையது, அது வெளிப்பட்டால் யார் வருந்துவார், அது மறைந்தால் யார் இழப்பார் என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டல் வேண்டும் என்பதே நம் துணிபு. மாணவரின் விண்ணப்பம், மருத்துவச் சான்று, தேர்வுக்குமுன் வினாத்தாள், ஊழியரின் சம்பள விவரம் ஆகியவை பூட்டத் தக்கன. கலாசாலைச் சஞ்சிகையின் பழைய தொகுதிகள், நிழற்படங்கள், ஆராய்ச்சிக் குறிப்புக்கள், பாடத் துணைகள் ஆகியவை திறக்கத் தக்கன. பாடினோர் உலகறிய உவந்து தந்த பாட்டுக்களும் அவ்வாறே.

இவ்வாறு பகுத்தல் தொல்லை. எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் என்ன என்பாரும் உளர். அவர்க்குச் சில கூறுவோம். பூட்டுந்தோறும் சாவியை இழக்கும் இடரும் உடன் வருகின்றது. பூட்ட வேண்டாதவற்றைப் பூட்டுவோர் அவ்விடரைக் கைம்மாறின்றி ஏற்கின்றனர். அன்றியும், தமிழிற் பெயரிடுவார்க்குத் தனியே ஒரு தடையும் உண்டு. சைனாலஜி முதலிய பெட்டிகளின் கோப்புறைப் பூட்டு, லினக்ஸைச் சேர்ந்த ஈகிரிப்ட்எஃப்எஸ் என்னும் முறையால் இயல்வது. கோப்பின் பெயரையும் அது மறைப்பதனால், ஒரு பெயருக்கு 143 பைட்டுகளே இடங்கொடுக்கும். ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட்டில் அடங்கும். தமிழிலோ 'க' என்பதற்கு 3 பைட்டு. 'கி' என்பதற்கு மெய்யும் உயிர்க்குறியும் கூடி 6 பைட்டு. 'முதலாமாண்டு' என்னும் சொல் நம் கண்ணுக்கு 6 எழுத்து. பெட்டிக்கு அது 33 பைட்டு. அத்தகைய சொற்கள் நான்கிற்கு மேற்பட்டால் பெட்டி ஏலாது. திறந்த கோப்புறையில் தடையின்றி இருந்த நீண்ட தமிழ்ப் பெயர்கள், பூட்டிய கோப்புறைக்குப் படியெடுக்கும்போது தடைபட்டு நிற்றலின் காரணம் இதுவே. இனி, அந்நிறுவனத்தார் 2023-ல் வெளியிட்ட டிஎஸ்எம் 7.2 முதலாக, கோப்புறைகள் அமையும் சேமிப்புப் பகுதி முழுவதற்குமே பூட்டிடும் வழியும் உண்டு. அதற்குப் பெயரின் தடையில்லை. டிஸ்கு களவுபோகாமைக்கு அது நன்றே. ஆயினும் நகைக்கும் குடத்துக்கும் ஒரே சாவி என்னும் நிலையே ஆங்கும் உண்டாகின்றது.

இனிச் சாவியைக் குறித்துக் கூறுவோம். கல்லூரியின் பொருளைப் பூட்டிய சாவி, கல்லூரிக்கு உரியதேயன்றி அதனை இட்டவர்க்கு உரியதன்று. அரசாங்கக் கஜானாக்களில் இரட்டைப் பூட்டு முறை நெடுங்காலமாக உண்டு. பண அறைக்கு இரு பூட்டு. ஒன்றின் சாவி ஒருவரிடம், மற்றொன்றின் சாவி வேறொருவரிடம். ஒருவர் தனியே திறக்கலாகாது; பதவி மாறும்போது சாவியும் கையொப்பத்தோடு கைமாறும். இதே எண்ணத்தைக் கணிதவழியில் ஷமீர் என்னும் அறிஞர் 1979-ல் வகுத்தார். ஒரு மறைபொருளை ஐந்து பங்காக்கி, எந்த மூன்று பங்கு சேர்ந்தாலும் அது வெளிப்படவும், இரண்டு மட்டும் சேர்ந்தால் ஒன்றும் விளங்காமலிருக்கவும் செய்யலாம் என்பது அவர் காட்டிய வழி. நமக்கு அத்துணை நுட்பம் வேண்டா. சாவிச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, இரண்டு உறைகளில் அரக்கு முத்திரையிட்டு, ஒன்றைத் தலைவரின் இரும்புப் பெட்டியிலும் மற்றொன்றைப் பொருளாளரின் பொறுப்பிலும் வைத்து, ஒரு பேரேட்டில் எழுதிவிட்டால் போதும். காகிதமா என்று நகைக்க வேண்டா. வலைவழி வரும் கள்வனுக்கு இரும்புப் பெட்டியில் உள்ள காகிதம் எட்டாது.

பெட்டி ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் சாவி இடுதல் தொல்லையென்று, சாவியைப் பெட்டியிலேயே பதிந்து, அது தானே திறந்துகொள்ளுமாறு செய்வார் பலர். இவ்வசதியைப் பெட்டி செய்வோரே தந்துள்ளனர். எனினும், சாவியும் பூட்டும் ஒரே இடத்தில் இருப்பின், பெட்டியோடு களவு செய்வான் இரண்டையும் ஒருங்கே பெறுகின்றான் அன்றோ? சில பெட்டிகளிற் சாவியை ஒரு பென் டிரைவில் வைத்து, திறந்தபின் அதனைப் பிடுங்கி எடுத்துவைக்கும் வழியும் உண்டு. கல்லூரிக்கு நாம் விரும்புவது, மின்சாரம் நின்று மீளும் நாளில் பொறுப்பாளர் ஒருவர் வந்து தம் கையால் திறப்பதையே. ஆண்டில் சில நாள் சிறிது காத்திருத்தல் பெருந்துன்பமன்று.

படிகாத்தலிலும் ஒரு புழைக்கடை வழி உண்டு. திறந்திருக்கும் மறைக்கோப்புறையிலிருந்து சாதாரணமான வெளி டிஸ்கு ஒன்றுக்குப் படியெடுத்தால், அப்படி பூட்டில்லாமலே செல்கின்றது. முன்வாயிலைப் பூட்டிப் பின்வாயிலைத் திறந்துவிட்டதற்கு அஃது ஒப்பாம். ஆதலின் படிக்கும் பூட்டு வேண்டும். அப்பூட்டின் சாவியும் முற்கூறிய உறையில் இருத்தல் வேண்டும். இரண்டு டிஸ்குகளில் ஒரே பொருளை எழுதும் முறை இருப்பதனால் வேறு படி வேண்டா என்பதும் பிழை. ஒரு டிஸ்கு பழுதானால் அம்முறை காக்கும். அழித்ததையோ இரண்டிலும் ஒருங்கே அழிக்கும். 2021-ஆம் ஆண்டு ஏப்பிரலில், கியூலாக்கர் என்னும் தீநிரல் உலகெங்குமுள்ள கியூநாப் பெட்டிகள் பலவற்றிற் புகுந்து, உரியவரின் கோப்புக்களைத் தன் சாவிச்சொல்லால் கட்டிவைத்து, அதனை உரைப்பதற்கு 0.01 பிட்காயின் கேட்டது. நம் பொருளுக்கு வேற்றான் பூட்டிட்ட கதை இது. நாம் இட்ட பூட்டு, திறந்திருக்கும் வேளையில், இத்தகைய கேட்டைத் தடுக்காது. வலையோடு இணையாமல் வேறிடத்தில் வைத்த படி ஒன்றே அதற்கு மருந்து.

மறைப்பதற்குரியவற்றை இவ்வளவிற் கூறினோம். வழங்குதற்குரியவற்றுக்கு வட்டுப் படிமம் நல்லதொரு வாயிலாகும். 20 ஆண்டுகளுக்குமுன் நூல்நிலையங்கள் வாங்கிய நூல்கள் பலவற்றோடு சிடி வட்டுக்கள் வந்தன. தனியே விற்ற கலைக்களஞ்சிய வட்டுக்களும் உண்டு. 2009-ல் நிறுத்தப்பெற்ற என்கார்ட்டா அவற்றுள் ஒன்று. நம் நாட்டு வெப்பமும் ஈரமும் பட்டு, கணினியில் எழுதிவைத்த வட்டுக்கள் நாளடைவில் மங்குகின்றன. புதுக் கணினிகளிலோ அவற்றை இடுதற்கு வாயே இல்லை. இவ்வட்டின் பொருளனைத்தையும் வரிசை மாறாமல் ஒரே கோப்பாகப் படியெடுத்ததே படிமம். சிடியில் கோப்புக்களை ஒழுங்குபடுத்தற்கு 1988-ல் ஏற்பட்ட ஐஎஸ்ஓ 9660 என்னும் நியமத்தின் பெயரால் 'ஐஎஸ்ஓ' என்றே அதனை வழங்குகின்றனர். அதனைப் பெட்டியில் இட்டு, ஒரு கோப்புறையாகத் திறந்துவைக்கலாம். ஒரு வகுப்பு மாணவர் யாவரும் ஒரே வேளையில் படிக்கலாம். எவரும் அதில் ஓர் எழுத்தை மாற்றவோ அழிக்கவோ இயலாது. கண்ணாடிப் பேழை என்று நாம் கூறியது இதனாலேயே. ஒரு சிடியின் கொள்ளளவு ஏறத்தாழ 700 எம்பி. 1,000 வட்டுக்கள் முற்றும் நிறைந்திருப்பினும் 700 ஜிபி. அலமாரி நிறைந்த வட்டுக்கள், உள்ளங்கையளவான ஒரு டெராபைட் டிஸ்கில் அடங்கிவிடும்.

இங்கும் சில எச்சரிக்கைகள் உண்டு. படிமத்தின் உட்பொருளை எவரும் மாற்றலாகாதெனினும், படிமக் கோப்பை இடம் மாற்றினால் பேழை வெறுமையாய்ப் போகும். ஆகவே அதனை நூல்நிலையத்தார் மட்டும் எழுதத் தக்க கோப்புறையில் வைத்தல் வேண்டும். பேச்சும் இசையும் மட்டுமே அடங்கிய ஒலித்தட்டுக்கள் ஐஎஸ்ஓ படிமத்தில் அடங்கா. அவற்றை வேறு வகையிற் படியெடுத்தல் வேண்டும். படியெடுத்த அன்றே எஸ்எச்ஏ-256 என்னும் முறையால் கோப்பின் கைரேகை போன்ற 64 குறிகளைக் கணித்து எழுதிவைத்தால், பின்னாளில் அது பழுதுபட்டதா என்பதை ஒப்பிட்டறியலாம். பதிப்புரிமை உள்ளவற்றை உரிமையின் எல்லைக்குள்ளேயே வழங்குதல் வேண்டும். இவற்றினும் முக்கியமானது ஒன்று: பொதுப் படிமங்களை மறைக்கோப்புறைக்குள் வைத்தலாகாது. வைப்பின், பெட்டி அணைந்து எழுந்த நாளில் அவ்வறை பூட்டியே கிடக்க, அதனுள்ளிருக்கும் பேழைகளும் திறவாமற் போகும். அவ்வாசிரியரின் பாட்டுக்களுக்கு நேர்ந்ததே நூல்நிலையத்துக்கும் நேரும்.

ஆகலின், நம் கலாசாலையார்க்கு நாம் வேண்டுவன நான்கு. முதலாவது, ஒவ்வொரு துறையும் தன் கோப்புறைகளைப் பூட்டத் தக்கன, திறக்கத் தக்கன என இரண்டாகப் பிரித்து ஒரு பட்டியல் எழுதுதல். இரண்டாவது, மறைக்கோப்புறை ஒவ்வொன்றின் சாவியையும் இரண்டு உறைகளில் வைத்து, பதவி மாறும் நாளிற் கையொப்பத்தோடு ஒப்புவித்தல். மூன்றாவது, கல்வியாண்டின் தொடக்கத்தில் இருவர் கூடி, பூட்டுக்களை அடைத்து, உறையிலுள்ள சாவியாலேயே திறந்து பார்த்தல். திறந்து பாராத சாவி சாவியன்று. நான்காவது, நூல்நிலைய வட்டுக்களை அவை முற்றும் மங்குமுன் படிமமாக்குதல். இவற்றுட் கடைசியானதற்கு மாணவர் சிலரின் விடுமுறை உழைப்பே போதும்.

2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களைத் தக்க காவலின்றி வைப்பார்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கின்றது. ஆனால் தண்டத்துக்கு அஞ்சி இதனைச் செய்யுமாறு நாம் கூறவில்லை. விண்ணப்பம் எழுத அஞ்சிய அம்மாணவனை நினைந்தே கூறுகின்றோம். பழைய மாணவராகிய அன்பர்களே, கணினித் தொழிலில் உங்களிற் பலர் மேம்பட்டு விளங்குகின்றீர்கள். அடுத்த முறை கலாசாலைக்கு வருங்கால், பெட்டி இருக்கும் அறைக்கும் ஒருமுறை வந்து, சாவி எங்கே, படி எங்கே என்று கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, உங்கள் கையில் மட்டும் ஒரு சாவி இருக்குமாயின், அதனை இவ்வாரமே காகிதத்தில் எழுதி உறையில் இட்டுவிடுங்கள்.